நான்கு சக்கரமும் திரும்பிய காலம்

1987-ல் அமெரிக்காவின் 'ரோட் அண்ட் ட்ராக்' கார் இதழ், வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே கார்களை வளைத்து ஓட்டும் தன் வழக்கமான சோதனையை நடத்தியது. மணிக்கு 65.5 மைல் வேகத்தில் கூம்புகளைக் கடந்து பெயர் வாங்கியது ஹோண்டா பிரெலூட். இரண்டு லிட்டர் இன்ஜின், முன்சக்கர இழுவை, நடுத்தர விலை. பெரிய வி8 இன்ஜினும் அகலமான டயர்களும் கொண்ட செவ்ரோலெ கார்வெட்கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. ஹோண்டாவுக்கு அந்த வேகத்தைக் கொடுத்தவை அதன் பின்சக்கரங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களோடு சேர்ந்து அவையும் திரும்பின.

அந்தக் கார்களில் மிஞ்சியவை இன்று பெரும்பாலும் ஆர்வலர்களின் கொட்டகைகளில் இருக்கின்றன. வயது 35-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் ஒன்று பட்டறைக்கு வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக்கும் சற்றுத் தயங்குவார். சாதாரணக் காரில் பின்சக்கரம் இடம் வலமாக அசைந்தால் அது கோளாறு. இந்தக் காரில் அசையாவிட்டால்தான் கோளாறு. எவ்வளவு அசைய வேண்டும், எந்தப் பக்கம், எந்த வேகத்தில் என்று தெரியாமல் கைவைத்தால், இல்லாத பழுதையும் உண்டாக்கிவிட முடியும். நான்கு சக்கர ஸ்டீயரிங்கின் வரலாற்றை அதன் பழுதுகளின் வழியாகப் படிப்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு கம்பெனியும் பின்சக்கரத்தைத் திருப்ப ஒவ்வொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அந்த வழி எங்கே பலவீனமோ அங்கேதான் முப்பது ஆண்டுகள் கழித்துப் பழுது வந்து நின்றது.

பின்சக்கரத்தையும் திருப்பும் எண்ணம் ஜப்பானியர்களுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1907-ல் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனி, காலனித் துறைக்குப் பொறுப்பாக இருந்த பெர்ன்ஹார்ட் டெர்ன்பர்க்குக்காக ஒரு வாகனத்தைக் கட்டியது. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் சக்தி சென்றது, நான்கும் திரும்பின. இன்றைய நமீபியாவான ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் மணல்வெளியில் அது ஓடியது. 1913-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஊரில் உருவான ஜெஃப்ரி குவாட் லாரியும் அப்படியே. முதல் உலகப் போரின் சேற்றில் அது பெரும் எண்ணிக்கையில் உழைத்தது. 1930-களின் இறுதியில் மெர்சிடிஸ் ஜி5 வந்தது.

இவை எல்லாவற்றிலும் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பின. முன்சக்கரம் இடது என்றால் பின்சக்கரம் வலது. குறுகிய இடத்தில் வண்டி சட்டென்று சுற்றிக்கொள்ள அது உதவும். ஆனால் வேகமாகப் போகும்போது அதே அமைப்பு ஆபத்து. வண்டியின் வால் வெளியே வீசும். அதனால் ஜி5-ல் பின்சக்கரங்களை நேராக நிறுத்திப் பூட்டிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். அதன் பிறகும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த யோசனை லாரிகளையும் பண்ணை இயந்திரங்களையும் தாண்டிப் பயணிகள் காருக்குள் பெரிதாக வரவில்லை.

ஜப்பானியப் பொறியாளர்கள் வேறொரு கேள்வியோடு தொடங்கினார்கள். வேகமாகப் போகும் காரின் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் முன் டயர்கள் பக்கவாட்டு விசையை உண்டாக்குகின்றன. கார் தன் மையத்தைச் சுற்றி சற்றுத் திரும்பிய பிறகுதான் பின் டயர்களுக்கு வேலை வருகிறது. இந்தத் தாமதம் ஒரு விநாடியில் சிறு பகுதிதான். ஆனாலும் அதிவேகச் சாலையில் தடம் மாறும்போது கார் தடுமாறுவதற்கு அதுவே காரணம். பின்சக்கரத்தையும் அதே பக்கம், மிகச் சிறிய கோணத்தில் திருப்பினால் இரண்டு முனையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விசை பெறும். காரின் உடல் சுழலாமல் நகரும்.

இதை விற்பனைக் காரில் முதலில் செய்து பார்த்தது நிஸ்ஸான். 1985-ல் வந்த ஆர்31 ஸ்கைலைனில் பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தையே ஹைட்ராலிக் விசையால் லேசாக நெளித்தார்கள். கிடைத்தது அரை டிகிரி. வேகம் கூடும்போது மட்டும், அதே பக்கத் திருப்பம் மட்டும். இந்த அமைப்புக்கு 'ஹைகாஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ஹோண்டாவின் ஆய்வுப் பிரிவில் ஷொய்ச்சி சானோவும் ஒசாமு புருகாவாவும் பிடித்த வழி வேறு. வேகமாகப் போகும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். மெதுவாக நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். அப்படியென்றால் வேகத்தை அளக்க ஒரு கருவி வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இவர்கள் அதைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலையில் எவரும் ஸ்டீயரிங்கை அரைச் சுற்று சுற்றுவதில்லை. சில டிகிரிதான் திருப்புகிறார்கள். முழுச் சுற்று சுற்றுவது வண்டியை நிறுத்தும்போதும் யூ-டர்ன் எடுக்கும்போதும் மட்டுமே. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்பதிலேயே வேகமும் அடங்கியிருக்கிறது. ஒரு சென்சாரும் இல்லாமல், ஒரு சொட்டு கூடுதல் ஆயிலும் இல்லாமல், பல்சக்கரங்களாலேயே இந்த வேலையை முடிக்கலாம். கார் வரலாற்றில் இதற்கு இணையான தெளிந்த சிந்தனை அதிகம் இல்லை.

1987 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த பிரெலூடில், முன் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து இன்னொரு பினியன் வழியாக ஒரு நீண்ட தண்டு காரின் அடியில் பின்பக்கம் வரை ஓடியது. அங்கே ஒரு சிறிய கியர்பாக்ஸ். அதற்குள் மையம் விலகிய ஒரு தண்டு, அதில் சுழலும் ஒரு கோள் பல்சக்கரம், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் உட்பல் வளையம். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, கோள் சக்கரம் வளையத்துக்குள் உருண்டு, ஒரு கம்பியை இடமும் வலமுமாகத் தள்ளும். முதல் அரைச் சுற்றுக்குள் பின்சக்கரம் முன்சக்கரம் போகும் பக்கமே அதிகபட்சம் 1.5 டிகிரி திரும்பும். அதைத் தாண்டினால் திரும்பிவந்து நேராகும். இன்னும் சுற்றினால் எதிர்ப்பக்கம் போகும். கடைசி வரை சுற்றினால் 5.3 டிகிரி. ஒரே பெட்டி, ஒரே உள்வரும் தண்டு, இரண்டு திசை.

இந்தக் காரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையும் அந்த வடிவமைப்பைப் போலவே எளிமையானது. காரை லிஃப்டில் ஏற்றி நான்கு சக்கரங்களையும் தொங்கவிட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மிக மெதுவாக ஒரு பக்கமாகச் சுற்ற வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பின்சக்கரம் முதலில் அதே பக்கம் போய், நின்று, திரும்பி, நேராகி, எதிர்ப்பக்கம் போகிறதா? மறுபக்கம் சுற்றினாலும் அதே அளவு, அதே ஒழுங்கில் நடக்கிறதா? இரு பக்கமும் ஒத்திருந்தால் கியர்பாக்ஸ் நலம். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் மையம் தவறியிருக்கிறது. ஸ்டீயரிங் கொஞ்சம் திரும்பியும் பின்சக்கரம் பேசாமல் நின்று, பிறகு திடீரென்று நகர்ந்தால் தண்டின் இணைப்பிலோ, சக்கரத்தைத் தள்ளும் கம்பியான டை ராட்டின் முனையிலோ ஆட்டம் கண்டிருக்கிறது. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். கண்ணும் கையும் போதும்.

இந்த வகைக் காரில் பழுதின் மூலம் பெரும்பாலும் தேய்மானம்தான்: பின் டை ராட்களின் பந்து மூட்டுகள், ரப்பர் உறை கிழிந்து உள்ளே போன தண்ணீர், காய்ந்த கிரீஸ். உப்பு தூவும் குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடிய கார் என்றால் துருவும் சேர்ந்துவிடும். ஆனால் இவற்றைவிட அதிகத் தொல்லை தந்தது மனிதர்கள் செய்த பழுது. எக்ஸாஸ்ட்டையோ எரிபொருள் குழாயையோ மாற்ற வந்தவர் நடுத்தண்டைக் கழற்றுவார். திரும்பப் பொருத்தும்போது அடையாளம் வைக்காமல் ஒரு பல் தள்ளிப் பொருத்திவிடுவார். அன்றிலிருந்து, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது பின்சக்கரம் நேராக இருக்காது. கார் நேர்ச்சாலையில் நண்டுபோல் சாய்ந்து ஓடும். பின் டயர்கள் ஒரு ஓரமாகத் தேயும். ஓட்டுபவர் அதைச் சரிக்கட்ட ஸ்டீயரிங்கைச் சற்றே வளைத்துப் பிடிப்பார். பழக்கமாகிவிடும்.

அலைன்மென்ட் கடைகளின் பங்கும் இதில் உண்டு. மற்றக் கார்களில் பின்சக்கரத்தின் கோணத்தை அளந்து சரிசெய்வது சிறிய வேலை. இந்தக் காரில் அதற்கு முன்னால் பின் கியர்பாக்ஸை மையத்தில் நிறுத்திப் பூட்ட வேண்டும். அதற்கென்றே ஹோண்டா தன் பட்டறைகளுக்கு ஒரு பின்னைக் கொடுத்திருந்தது. பெட்டியில் உள்ள மூடியைக் கழற்றி அதைச் செருகினால், பின்சக்கரங்கள் நேர்நிலையை விட்டு நகராது. அதன் பிறகுதான் அளவெடுக்க வேண்டும். அந்தப் பின்னைச் செருகாமல் அலைன்மென்ட் செய்தால், இயந்திரத் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். சாலையில் கார் ஒரு பக்கம் இழுக்கும். மையத்தை நிலைநாட்டாமல் எதையும் அளக்காதே என்ற இந்த ஒரு விதி இன்றைக்கு வரும் விலையுயர்ந்த கார்களுக்கும் பொருந்துகிறது.

மாஸ்டா 1987-லேயே தன் காப்பெல்லாவில், வெளிநாடுகளில் 626 என்று விற்ற காரில், வேகத்தையும் கணக்கில் சேர்த்தது. மணிக்கு 35 கிலோமீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே எதிர்ப்பக்கம், மேலே அதே பக்கம், அதிகபட்சம் 5 டிகிரி. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்ற செய்தியை ஒரு தண்டு கொண்டுவரும். வேகத்தை எலெக்ட்ரானிக் யூனிட் சொல்லும். சக்கரத்தைத் தள்ளும் வேலையை ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யும். மூன்று தொழில்நுட்பங்கள் ஒரே இடத்தில் சந்தித்தன. பழுது தேடுபவர் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மிட்சுபிஷியின் கலான்ட் வி.ஆர்-4 இன்னொரு வழியில் போனது. அதில் பின் டிஃபரன்ஷியலோடு ஒரு பம்ப் இணைந்திருந்தது. சக்கரம் வேகமாகச் சுழலச் சுழலப் பம்பும் அதிக ஆயிலைத் தள்ளும். வேகம் என்ற செய்தி ஆயிலின் அளவாகவே வந்துசேரும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பின்சக்கரம் முன்சக்கரத்தோடு ஒன்றரை டிகிரி வரை திரும்பும். எதிர்ப்பக்கத் திருப்பமே கிடையாது. அழகான யோசனைதான். ஆனால் காரின் முழு நீளத்துக்கும் ஆயில் குழாய்கள் ஓடின. முப்பது ஆண்டுகளில் அந்தக் குழாய்கள் துரு பிடித்து ஓட்டையாயின. முன்னால் பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்துகொண்டே போகும். முன்பகுதியில் எங்கும் கசிவு தெரியாது. இப்படி ஒரு கலான்டோ, அதே கம்பெனியின் பிந்தைய காரான ஜிடிஓவோ பட்டறைக்கு வந்தால் காரின் நடுவிலும் பின்னாலும் ஓடும் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல உரிமையாளர்கள் குழாய்களை மாற்றச் செலவு செய்ய மனமில்லாமல், பின்பக்கம் போகும் வழியையே அடைத்துவிட்டார்கள்.

நிஸ்ஸானின் ஹைகாஸ் வளர்ந்த கதை இன்னும் சுவையானது. 1988-ல் சில்வியாவில் இரண்டாம் தலைமுறை; 1989-ல் ஆர்32 ஸ்கைலைனிலும் 300இசட்எக்ஸிலும் 'சூப்பர் ஹைகாஸ்'. இப்போது சட்டத்தை நெளிக்காமல், பின்சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு சிலிண்டரே சக்கரங்களைத் திருப்பியது. அதில் ஒரு நுட்பமும் சேர்ந்தது. ஸ்டீயரிங் திரும்பிய கணத்தில் பின்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எதிர்ப்பக்கம் போய், காரை வேகமாகத் திருப்பிவிட்டு, உடனே அதே பக்கம் மாறி நிலைநிறுத்தும். திருப்பத்துக்குள் நுழையும்போது கூர்மை, நுழைந்த பின் உறுதி. இரண்டையும் ஒரு டிகிரிக்குள் சாதித்தார்கள்.

பழுது என்று வந்தால் ஹைகாஸில் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் பலர் நினைக்காத ஓர் இடம்: ஓட்டுநர் கையில் பிடித்திருக்கும் ஸ்டீயரிங் வீல். கோணத்தை அளக்கும் சென்சார் அதன் பின்னால்தான் இருக்கிறது. வீலோடு சேர்ந்து சுழல்கிறது. இளைஞர்கள் தொழிற்சாலை வீலைக் கழற்றிவிட்டு, சிறிய விளையாட்டு வீலைப் பொருத்துவது அந்தக் கார்களில் சாதாரணம். அதைத் தாங்கும் பாஸ் ஹைகாஸுக்கென்று செய்ததாக இல்லாவிட்டால், சென்சார் வீலோடு சரியாகப் பிணையாது. நேர் எது என்று யூனிட்டுக்குத் தெரியாமல் போகும். டாஷ்போர்டில் ஹைகாஸ் விளக்கு எரியும். கார் வாங்கியவர் பின்னால் ஆயிரக்கணக்கில் செலவு செய்துகொண்டிருப்பார். பழுதோ அவர் கைகளுக்கு நடுவே இருக்கும்.

அந்த விளக்கைப் பேசவைக்கவும் வழி இருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில விநாடிகளுக்குள் ஸ்டீயரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பி, பிரேக் பெடலையும் பலமுறை மிதித்தால், விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கும். எத்தனை முறை எரிகிறது என்று எண்ணினால் எந்தப் பகுதியில் பழுது என்று தெரியும். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. 1980-களின் ஜப்பானியப் பொறியாளர்கள் தங்களுக்குப் பின் வரப்போகும் மெக்கானிக்கை எவ்வளவு நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

1991-ல் நான்காம் தலைமுறை பிரெலூட் வந்தபோது ஹோண்டாவும் பல்சக்கரத்தைக் கைவிட்டது. பின்னால் ஒரு மின்மோட்டார் வந்தது. முன்னையும் பின்னையும் இணைக்கத் தண்டு இல்லை, வயர்கள் மட்டும். முன் ஸ்டீயரிங்கின் கோணத்தை அளக்க முதன்மை சென்சார் ஒன்று, அதைச் சரிபார்க்கத் துணை சென்சார் ஒன்று. பின்னாலும் அப்படியே ஒரு ஜோடி. சக்கர வேகம், கார் வேகம் எல்லாம் தனி. முதன்மையும் துணையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் யூனிட் மோட்டாரை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்சக்கரங்களை நேராக இழுத்து நிறுத்தும். எச்சரிக்கை விளக்கு எரியும். அதன்பின் அது சாதாரண இரண்டு சக்கர ஸ்டீயரிங் கார்.

இப்படிப் பாதுகாப்பாக ஓயும் ஏற்பாட்டை, மின்சாரத்தாலோ ஆயிலாலோ பின்சக்கரத்தைத் திருப்பிய கம்பெனிகள் ஏதோ ஒரு வடிவில் வைத்திருந்தன. பின்சக்கரம் திரும்பிய நிலையில் சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்பதால், கோளாறு வந்தால் நேராகி நில் என்பதையே முதல் கட்டளையாக எழுதினார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அந்தப் பாதுகாப்பே இந்த அமைப்புக்கு எமனாகவும் ஆயிற்று. பிரேக் பழுதானால் எவரும் அடுத்த நாள் ஓட்ட மாட்டார்கள். நான்கு சக்கர ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் கார் வழக்கம்போல் ஓடுகிறது. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாதம், ஒரு வருடம், அடுத்த உரிமையாளர். அசையாமல் கிடக்கும் மோட்டாரிலும் மூட்டிலும் ஈரம் தங்கித் துரு ஏறும். முதலில் நூறு ரூபாய் வயரில் இருந்த பழுது, கவனிக்கப்படாமல் கிடந்து கடைசியில் மொத்தப் பெட்டியையும் தின்றுவிடும்.

உண்மையில் இந்த எலெக்ட்ரானிக் பிரெலூடில் விளக்கு எரிந்தால் பழுது பல சமயம் சிறியது. முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் யூனிட் மோட்டாரை நம்ப மறுக்கும். அடுத்து எர்த் இணைப்புகள், பச்சைக் களிம்பு படிந்த கனெக்டர்கள். குறிப்பாகக் காரின் அடியில் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் உள்ளவை. பிறகு பழுதுக் குறியீடு. சர்வீஸ் கனெக்டரின் இரண்டு முனைகளை ஒரு வயரால் இணைத்தால் விளக்கு விட்டு விட்டு எரிந்து எண்ணைச் சொல்லும். இதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடக் கூடாது. அந்தக் காலத்துப் பல கார்களில் கழற்றினால் பதிவு அழிந்துவிடும், துப்பும் போய்விடும். குறியீடு ஒரு சென்சாரைச் சொன்னால் உடனே அதை வாங்கிப் போடுவதும் தவறு. குறியீடு சொல்வது அந்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்பதை மட்டுமே. சென்சார், வயர், கனெக்டர், யூனிட் நான்கில் எது என்று மல்ட்டிமீட்டரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். யூனிட்டைத் திறந்து பார்த்தால் 1990-களின் மின்னணுப் பலகைகளுக்கே உரிய நோய் தெரியலாம்: வயதான கப்பாசிட்டர்கள் கசிந்து, பலகையின் செம்புத் தடங்களை அரித்திருக்கும். சால்டரிங் தெரிந்தவருக்கு அது மீட்கக்கூடிய பழுதுதான்.

ஆட்டம் கண்ட மூட்டையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டிய கதைகள் நிறைய உண்டு. ஹைகாஸ் கார்களில் வேகமாகப் போகும்போது பின்பக்கம் அலைகிறது என்ற புகார் மிகப் பரவலானது. எலெக்ட்ரானிக்ஸ் தானாக முடிவெடுத்துச் சக்கரத்தைத் திருப்புகிறது என்று பழி வந்தது. பல கார்களில் அலைச்சலுக்குக் காரணம் பின் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் பந்து மூட்டுகள் தேய்ந்ததுதான். அதை அறியாமல் ஃபியூஸைப் பிடுங்கியவர்களுக்கு அலைச்சல் நிற்கவில்லை. சிலிண்டரையே கழற்றிவிட்டு அதன் இடத்தில் அசையாத இரும்புப் பட்டையைப் பொருத்தியவர்களுக்கு நின்றது. பட்டையோடு புது மூட்டுகளும் வந்தன அல்லவா! பாராட்டு பட்டைக்குப் போனது. ட்ரிஃப்ட் பந்தயக்காரர்களுக்கு அந்தப் பட்டை தேவைதான். அவர்களுக்குப் பின்பகுதி எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அன்றாடம் ஓட்டுபவருக்கு அது தேவைதானா என்பது வேறு விஷயம்.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. பொறியாளர்களின் கனவுகளுக்குக் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்த காலம் முடிந்தது. டயர்கள் மேம்பட்டன. பல இணைப்புகள் கொண்ட சஸ்பென்ஷன், எந்த மோட்டாரும் இல்லாமலே பின்சக்கரத்தின் கோணத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்தியது. எடையும் விலையும் கூட்டும் ஒரு பெட்டியை விற்பது கடினமாயிற்று. 2001-ல் பிரெலூடின் உற்பத்தி நின்றபோது ஹோண்டாவின் நான்கு சக்கர ஸ்டீயரிங்கும் அதோடு போயிற்று.

அமெரிக்கா ஒரு முறை முயன்று பார்த்தது. 2002-ல் ஜெனரல் மோட்டார்ஸ், டெல்ஃபி உருவாக்கிய 'குவாட்ராஸ்டீர்' அமைப்பை ஜிஎம்சி சியாரா டெனாலி பிக்-அப் வண்டியில் கொடுத்தது. பின்சக்கரங்கள் 12 டிகிரி வரை திரும்பின. 47 அடியாக இருந்த திருப்ப வட்டம் 37 அடியாகச் சுருங்கியது. படகையோ குதிரைகளை ஏற்றும் ட்ரெய்லரையோ இழுத்துச் செல்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் தொடக்கத்தில் அதற்கு மட்டும் 5,000 டாலருக்கும் மேல் விலை வைத்தார்கள். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். 2005-ல் நிறுத்திவிட்டார்கள். இன்று அந்த வண்டிகளில் அடிக்கடி பேசப்படும் பழுது, பின் ஆக்ஸிலில் சக்கரத்தின் நிலையை அளக்கும் சென்சாருக்குள் தண்ணீர் புகுவது. வாகனம் முழுதும் நன்றாக இருக்கும்; கை அளவுள்ள ஒரு சென்சார் கிடைக்காமல் பின் ஆக்ஸில் வேலையற்றுக் கிடக்கும்.

2007-க்குப் பிறகு பின்சக்கரங்கள் மறுபடி திரும்பத் தொடங்கின. ரெனோ லகுனா ஜிடி, பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், 2013-ல் போர்ஷே 911 ஜிடி3, அண்மையில் 10 டிகிரி வரை திரும்பும் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ். மின்சாரக் கார்களின் நீளமும் எடையும் கூடக் கூட இது ஆடம்பரமாக இல்லாமல் தேவையாகவே மாறிவருகிறது. நகரத்தில் நீளமான காரை ஒடித்துத் திருப்ப வேறு வழி இல்லை. இப்போது பழுது பார்ப்பது ஸ்கேனரோடு தொடங்குகிறது. மையத்தைச் சொல்லிக்கொடுப்பதும் மென்பொருளின் வழியாகவே. லிஃப்டின் அடியில் நின்று, சக்கரம் போய் வருவதைக் கண்ணால் பார்த்து நோயறிந்த அந்த நேரடித்தன்மை இதில் இல்லை.

1987-ன் பல்சக்கரப் பெட்டியே இந்த வரிசையில் சிறந்தது. அதைவிடத் திறமையாகச் சக்கரத்தைத் திருப்பியவை பின்னால் வந்திருக்கின்றன. ஆனால் முப்பத்தைந்து ஆண்டு கழித்தும், கம்பெனியின் துணையில்லாமல், ஒரு சாதாரணப் பட்டறையில் திறந்து, பார்த்து, கிரீஸ் வைத்து, மூட்டு மாற்றி, மறுபடி ஓட்டக்கூடியது அதுதான். மற்றவை பாகம் கிடைக்கும் வரைதான் வாழும்.

அதனால் இத்தகைய கார் ஒன்று கைக்கு வந்தால், பின்பெட்டியைக் கழற்றி எறியும் முடிவை யாரும் அவசரமாக எடுக்க வேண்டாம். டயரின் காற்று, மூட்டுகளின் ஆட்டம், மையம், பேட்டரி, எர்த், குறியீடு என்று இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போனால், பெரும்பாலும் பாதி வழியிலேயே பழுது அகப்பட்டுவிடும். பழைய பட்டறையை மூடுபவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தக் கார்களின் சர்வீஸ் புத்தகங்களையும், அலமாரி மூலையில் கிடக்கும் மையப் பூட்டுப் பின்னையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் கார்கள் இன்னும் ஓடுகின்றன.